ஸ்டவ்வும் ஆயில் பாய்லரும் ஒரே வீட்டில்: இரண்டையும் ரேடியேட்டர்களோடு இணைக்க முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தில் நகரத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஊர்ப்புறமாக வீடு வாங்கினால் அங்கே கேஸ் குழாய் இருக்காது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பச்சை பிளாஸ்டிக் டேங்க், அதற்குப் பக்கத்தில் ஒரு ஆயில் பாய்லர், உள்ளே ஹாலில் ஒரு இரும்பு ஸ்டவ், இதுதான் வழக்கமான அமைப்பு. டேங்கில் இருப்பதை 'ஹீட்டிங் ஆயில்' என்பார்கள். அது வேறொன்றுமில்லை, நம் ஊரில் ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெய் வகைதான். ஸ்டவ்வில் போடுவது விறகு, நிலக்கரி, இல்லையென்றால் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப்.

இந்த இரண்டையும் ஒரே ரேடியேட்டர் சுற்றில் (சூடான தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடுகள்தான் ரேடியேட்டர்) இணைக்க முடியுமா என்று கேட்டால், முடியும், இங்கே பல வீடுகளில் பல வருடங்களாக அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நிற்கிறது: ஆயில் பாய்லரை சுவிட்சைத் தட்டி நிறுத்தலாம், எரிகிற நெருப்பை அப்படி நிறுத்த முடியாது. காற்றை அடைத்தாலும் உள்ளே கிடக்கும் தணல் இன்னும் நெடுநேரம் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் 'கரண்ட் போய் பம்ப் நின்றுவிட்டால் இந்தச் சூடு எங்கே போகும்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்ற எதையும் யோசிக்க வேண்டும். கரண்ட் போவது இங்கே அபூர்வமும் இல்லை. 2025 ஜனவரி 24 அன்று ஏயோவின் புயல் அடித்தபோது அயர்லாந்தில் 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, மேற்குப் பக்கத்தில் பல வீடுகளுக்கு அது திரும்பி வர நாட்கள் ஆயின. அந்த மாதிரி நாளில்தான் எல்லோரும் ஸ்டவ்வைப் பற்றவைப்பார்கள், பம்ப் ஓடாததும் அதே நாளில்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது நீங்களே குழாய் வெட்டி ஒட்டுவதற்கான வழிகாட்டி இல்லை. ப்ளம்பர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார், எதை விட்டுவிட்டார் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுவது. ஆயில் வேலைக்கு ஆஃப்டெக் (ஆயில் ஹீட்டிங் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு உள்ளவரைப் பிடியுங்கள், திட எரிபொருள் இணைப்பை ஏற்கெனவே செய்தவரா என்று தனியாகக் கேளுங்கள். ஆயில் பாய்லரில் கெட்டிக்காரராக இருக்கும் ஆள் ஸ்டவ் பக்கத்தைத் தொட்டதே இல்லை என்பது சாதாரணமாக நடப்பதுதான்.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

ஸ்டவ்வில் இரண்டு வகை உண்டு. அறையை மட்டும் சூடாக்கும் உலர் ஸ்டவ் ஒன்று. பின்னால் தண்ணீர்ப் பெட்டி வைத்து ரேடியேட்டருக்கும் சூடு அனுப்பும் பாய்லர் ஸ்டவ் இன்னொன்று. இணைப்பு வேலையெல்லாம் இரண்டாவதுக்குத்தான்.

என் அபிப்பிராயம்: சுவரிலும் கூரையிலும் நல்ல இன்சுலேஷன் போட்ட வீட்டுக்கு உலர் ஸ்டவ்வே போதும். உட்காரும் அறைக்கு நெருப்பு, மற்ற அறைகளுக்கு ஆயில், இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய்கூட வேண்டாம். செலவு குறைவு, ஆபத்து குறைவு, ஸ்டவ்வும் சூடாக எரியும், கண்ணாடி கறுக்காது. பாய்லர் ஸ்டவ் அர்த்தப்படுவது இரண்டு இடத்தில்: விறகோ டர்ஃபோ உங்களுக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும், அல்லது குளிர்காலத்தில் பகல் முழுக்க யாராவது வீட்டில் இருந்து நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 20 சதவீத ஈரமுள்ள விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4 கிலோவாட் மணி சூடு. மண்ணெண்ணெய் ஒரு லிட்டருக்கு சுமார் 10.3 கிலோவாட் மணி. வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு 12 கிலோவாட் மணி சூடு வேண்டுமென்றால், 90 சதவீதத் திறனுள்ள ஆயில் பாய்லர் கிட்டத்தட்ட 1.3 லிட்டர் குடிக்கும். அதே சூட்டை 72 சதவீதத் திறனுள்ள ஸ்டவ்விலிருந்து எடுக்க மணிக்கு 4 கிலோவுக்கு மேல் விறகு போக வேண்டும். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து பதினோரு மணி வரை என்றால் 25 கிலோ. தினமும். அதை வெட்டி, அடுக்கி, காயவைத்து, உள்ளே தூக்கி வந்து, மறுநாள் காலையில் சாம்பலை அள்ளப்போவது யார் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

படி 1: அளவைக் கணக்கிடுவது

வீட்டிலுள்ள எல்லா ரேடியேட்டர்களின் திறனையும் கூட்டுங்கள். அகலம், உயரம், ஒற்றைத் தகடா இரட்டைத் தகடா என்று பார்த்தால் தயாரிப்பாளர் அட்டவணையில் வாட் கணக்கு இருக்கும். ஒரு சாதாரண பங்களாவில் (இங்கே பங்களா என்றால் மாடியில்லாத ஒரே தள வீடு) பத்து ரேடியேட்டர் சேர்ந்து 14 கிலோவாட் வருகிறது என்று வையுங்கள்.

ஸ்டவ் வாங்கும்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும், மொத்தத் திறனை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒன்று அறைக்குப் போகும் சூடு, இன்னொன்று தண்ணீருக்குப் போகும் சூடு. 14 கிலோவாட் ஸ்டவ் என்று விளம்பரத்தில் இருக்கும், அதில் 9 தண்ணீருக்கும் 5 அறைக்கும் போகலாம். வேறொரு மாடலில் அது தலைகீழாக இருக்கலாம். அறைக்கான எண் பெரிதாக இருந்தால் ஹாலில் யாரும் உட்கார முடியாது, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு விறகு எரிப்பீர்கள். அறையின் கன மீட்டரை 14ஆல் வகுத்தால் அறைக்கு வேண்டிய கிலோவாட் தோராயமாகக் கிடைக்கும் என்று இங்கே ஒரு கைக்கணக்கு உண்டு. 5 மீட்டருக்கு 4.5 மீட்டர், 2.4 மீட்டர் உயரம் என்றால் 54 கன மீட்டர், கிட்டத்தட்ட 4 கிலோவாட்.

தண்ணீர்ப் பக்கம் 14 கிலோவாட் ரேடியேட்டருக்கு 14 கிலோவாட் ஸ்டவ் தேவை என்று நினைக்க வேண்டாம். பாதியோ, பாதிக்குக் கொஞ்சம் மேலோ போதும். மீதியை மிகக் குளிரான நாட்களில் ஆயில் பார்த்துக்கொள்ளும், அதற்காகத்தானே இரண்டு இருக்கிறது. பெரிய ஸ்டவ் வாங்கிக் காற்றை அடைத்துப் புகையவிட்டு ஓட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி: தார் பிடிக்கும், புகைபோக்கியில் தீப்பிடிக்கும், விறகும் வீண்.

புது ஸ்டவ் என்றால் அது 2022 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த ஈக்கோடிசைன் வரம்புக்குள் இருக்க வேண்டும். யாரோ கழற்றிய பழைய ஸ்டவ்வை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் அதன் பின்னாலுள்ள தண்ணீர்ப் பெட்டியின், அதாவது பாய்லர் பெட்டியின், வெல்டிங் மூலைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தொடவேண்டாம்.

படி 2: எந்த முறையில் இணைப்பது

இதில் ப்ளம்பருக்கு ப்ளம்பர் கருத்து மாறும், சண்டையே போடுவார்கள். நடைமுறையில் நான்கு வழிகள்.

மிக எளியது இரட்டைச் சுருள் வெந்நீர் சிலிண்டர். ஸ்டவ்வின் தண்ணீர் ஒரு சுருளில், ஆயில் பாய்லரின் தண்ணீர் இன்னொரு சுருளில், இரண்டும் கலப்பதே இல்லை. ஸ்டவ் குளிக்கும் தண்ணீரையும் ஓரிரு ரேடியேட்டரையும் சூடாக்கும், வீட்டின் மீதி ஆயிலில். சின்ன ஸ்டவ்வுக்கு இதைவிட நல்லது இல்லை.

இரண்டாவது நியூட்ரலைசர். பல வாய்கள் கொண்ட ஒரு எஃகுப் பெட்டி; டன்ஸ்லி பேக்கர் நியூட்ரலைசர் என்ற பெயர் ப்ளம்பர்களுக்குத் தெரியும். ஸ்டவ்வின் போக்கும் வரத்தும் (சூடான தண்ணீர் வெளியே போகும் குழாயும், ஆறித் திரும்பி வரும் குழாயும்), பாய்லரின் போக்கும் வரத்தும், ரேடியேட்டர் சுற்று, சிலிண்டர் சுற்று எல்லாம் இந்தப் பெட்டிக்குள் வந்து சேரும். உள்ளே அழுத்தம் சமமாக இருப்பதால் ஒரு பம்ப் ஓடும்போது அது இன்னொரு சுற்றின் தண்ணீரைத் தவறான திசையில் இழுக்காது. ஆனால் எல்லாத் தண்ணீரும் ஒன்றாகிவிடுவதால் ஆயில் பக்கமும் மேலே திறந்த டேங்கோடுதான் ஓட வேண்டும்.

மூன்றாவது தகடு வெப்பமாற்றி. உங்கள் ஆயில் பாய்லர் அழுத்தம் ஏற்றிய மூடிய அமைப்பு என்றால், அதாவது முகப்பில் ஒரு பிரஷர் கேஜ் இருந்து குளிர்ந்த நிலையில் அது 1 முதல் 1.5 பார் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் இதுதான் வழி. ஸ்டவ் பக்கம் திறந்த அமைப்பாகவே இருக்கும், பாய்லர் பக்கம் மூடியதாகவே இருக்கும், நடுவில் தகடுகள் வழியே சூடு மட்டும் கைமாறும். இதற்கு இரு பக்கமும் பம்ப் வேண்டும், கரண்ட் போனால் இரண்டுமே நிற்கும். அதனால் தகடு வைத்துவிட்டோம் என்பதற்காக ஸ்டவ் பக்கத்துப் பாதுகாப்புச் சுற்றைக் குறைக்கவே கூடாது. இதைச் சொல்லக் காரணம், பேனலாக வாங்கிச் சுவரில் மாட்டினால் எல்லாம் முடிந்தது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, ஒரு பெரிய தெர்மல் ஸ்டோர் தொட்டி. ஸ்டவ் அதைச் சூடாக்கும், ஆயிலும் அதைச் சூடாக்கும், ரேடியேட்டர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 300 லிட்டர் தண்ணீரை 50 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்றினால் அதில் சுமார் 10.5 கிலோவாட் மணி சேரும், அதாவது தண்ணீருக்கு 9 கிலோவாட் தரும் ஸ்டவ்வை ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு வேகத்தில் எரித்துச் சேமிக்கலாம். நெருப்பை அடக்கி ஓட்ட வேண்டிய தேவையே வராது என்பதால் தொழில்நுட்ப ரீதியில் இதுதான் அழகானது. இடமும் பணமும் உள்ளவர்களுக்கு.

ஏற்கெனவே ஆயில் பாய்லரும் செம்புச் சிலிண்டரும் மாடியில் டேங்கும் உள்ள பழைய வீடு என்றால் நான் நியூட்ரலைசர் பக்கம் சாய்வேன். மூடிய அமைப்பு என்றால் தகடு. பாய்லரை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்றால் பொறுத்திருந்து எல்லாவற்றையும் சேர்த்தே திட்டமிடுங்கள், துண்டு துண்டாகச் செய்தால் இரண்டு மடங்கு செலவு.

படி 3: ஸ்டவ்வின் பாதுகாப்புச் சுற்று

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தவறு நடந்தால் உயிர்ப் பிரச்சினையாகும் இடம் இதுதான்.

பம்ப் இல்லாமலே சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். இந்த கிராவிட்டி ஓட்டத்தை வைத்துத்தான் ஸ்டவ்விலிருந்து சிலிண்டர் வரை ஒரு சுற்று போட வேண்டும். 28 மிமீ செம்புக் குழாய், பிளாஸ்டிக் எங்கேயும் வரக்கூடாது. போக்குக் குழாய் ஸ்டவ்விலிருந்து சிலிண்டர் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் கீழே இறங்கி மறுபடி ஏறினால் அங்கே காற்று பிடித்துக்கொள்ளும், ஓட்டம் நின்றுவிடும். இந்தச் சுற்றில் எந்த வால்வும் கூடாது. மோட்டார் வால்வ் கூடவே கூடாது, கரண்ட் போனால் அது மூடிக்கொள்ளும் வகை என்றால் மிகத் தேவையான நேரத்தில் வழியை அடைத்துவிடும்.

மாடி வீட்டில் இது சுலபம், ஸ்டவ் கீழே, சிலிண்டர் இருக்கும் ஹாட் பிரஸ் அலமாரி மேலே. பங்களாவில் தலைவலி. ஹாட் பிரஸ்ஸும் அதே தளத்தில், பல சமயம் வீட்டின் மறு கோடியில். சிலிண்டரை மேடை போட்டு உயர்த்தலாம், ஆனால் கிடைமட்டத் தூரம் கூடக் கூட கிராவிட்டி ஓட்டம் சோர்ந்துவிடும். ஹாட் பிரஸ்ஸுக்கு முதுகு ஒட்டிய சுவரில் ஸ்டவ் வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் சிலிண்டரையே நகர்த்தும் செலவைக் கணக்கில் எடுங்கள், அல்லது உலர் ஸ்டவ்வுக்குப் போய்விடுங்கள்.

சிலிண்டரைத் தவிர ஹீட் லீக் ரேடியேட்டர் ஒன்றும் வேண்டும். இது ஸ்டவ்வுக்கு மேலே, பம்ப் இல்லாமல் கிராவிட்டியில் சூடாகும் ரேடியேட்டர், பெரும்பாலும் மேல்மாடிக் குளியலறையிலோ வராந்தாவிலோ இருக்கும். தண்ணீருக்குப் போகும் திறனில் பத்தில் ஒரு பங்காவது இது வெளியேற்ற வேண்டும் என்பது பொதுக் கணக்கு, உங்கள் ஸ்டவ்வின் கையேடு அதற்கு மேல் சொன்னால் கையேட்டைத்தான் கேட்க வேண்டும். இதில் தெர்மோஸ்டாட் தலை மாட்டக்கூடாது, இரு பக்க வால்வையும் யாரும் மூட முடியாதபடி கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்கு வரும் விருந்தாளி 'இந்த ரேடியேட்டர் எப்பவும் சுடுதே' என்று நல்ல எண்ணத்தில் மூடிவிடுவார்.

அடுத்து வென்ட் குழாய். 22 மிமீக்குக் குறையாமல், ஸ்டவ்விலிருந்து மாடிக் கூரைக்குள் இருக்கும் ஹெடர் டேங்க் (சுற்றுக்குத் தண்ணீர் ஊட்டும் திறந்த தொட்டி) வரை தடையில்லாமல் ஏறி, டேங்கின் மேல் வளைந்து உள்ளே திறந்திருக்க வேண்டும். தண்ணீர் கொதித்தால் நீராவி போகும் வழி அது. டேங்கிலிருந்து கீழே வரும் குளிர்நீர்க் குழாய் தனி, அதிலும் வால்வ் வேண்டாம். டேங்க் கொதிநீரைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். குளிர்நீருக்கான சாதாரண பிளாஸ்டிக் டேங்க் இளகிப்போய் மொத்தக் கொதிநீரும் கூரையை உடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழும், இது கற்பனை இல்லை. தண்ணீர் சூடாகும்போது 4 சதவீதம் அளவுக்கு விரியும், 150 லிட்டர் சுற்றுக்கு 6 லிட்டர், அதற்கு டேங்கில் மேல்பக்கம் காலி இடம் விட்டு மிதவையைத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

கூரைக்குள் இன்சுலேஷன் போடும்போது டேங்குக்கு அடியில் போடாமல், பக்கங்களையும் குழாய்களையும் போர்த்துங்கள். குளிர்நீர்க் குழாயும் வென்ட் குழாயும் உறைந்த நிலையில் கீழே ஸ்டவ்வைப் பற்றவைத்தால் அது மூடிய பாத்திரம், வெடிக்கும். கடும் உறைபனியில் சில நாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் முதலில் ஆயிலைப் போட்டு வீட்டைச் சூடாக்கி, டேங்கில் தண்ணீர் உறையாமல் அசைகிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் தீக்குச்சியைத் தொடுங்கள்.

ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் பிரஷர் ரிலீஃப் வால்வும், அடியில் ஒரு வடிகால் திருகும் வேண்டும். இன்னொன்று: புது வீடுகளில் வரும் மெயின் அழுத்தத்தில் ஓடும் மூடிய வெந்நீர் சிலிண்டரை ஸ்டவ் சுருளால் சூடாக்கக் கூடாது. அதற்குத் திறந்த வகைச் சிலிண்டர்தான். ஸ்டவ் சூடாக்கும் சிலிண்டரில் தண்ணீர் 60 டிகிரியில் நிற்காது, 80க்கு மேலும் போகும், அதனால் குளியலறைக் குழாய்க்கு முன்னால், குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் ஒரு கலவை வால்வ் போட்டுவிடுங்கள். குழந்தை உள்ள வீட்டில் இதில் பேச்சுக்கே இடமில்லை.

படி 4: பம்புகள், ஒருவழி வால்வுகள்

ரேடியேட்டர் சுற்றுக்கு ஒரு பம்ப், பாய்லருக்கு ஒன்று (பல பாய்லர்களில் உள்ளேயே இருக்கும்), தகடு முறை என்றால் ஸ்டவ் பக்கத்துக்கும் ஒன்று. ஒவ்வொரு பம்ப் வழியிலும் ஒருவழி வால்வ் வேண்டும். இல்லையென்றால் காலையில் ஆயில் ஓடும்போது சூடு நேராக அணைந்துகிடக்கும் ஸ்டவ்வுக்குள் போய்ப் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும். இந்த அமைப்பு உள்ளவர்கள் 'ஆயில் ரொம்பக் குடிக்குது' என்று புலம்பினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஆயில் மட்டும் ஓடும்போது ஸ்டவ்வின் பக்கத்துக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா?

ஒருவழி வால்வ் பம்ப் சுற்றில் மட்டும்தான். படி 3ல் சொன்ன கிராவிட்டிச் சுற்றில் அல்ல. பம்ப் வரத்துக் குழாய் கிராவிட்டி வரத்தோடு சேரும் இடத்தில் இன்ஜெக்டர் டீ என்ற விசேஷ இணைப்பைப் போட்டால் பம்ப் ஓடும்போது அது கிராவிட்டி ஓட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல் கூடவே இழுத்துவரும்.

படி 5: திரும்பி வரும் தண்ணீரின் சூடு

இரண்டு கருவிகளுக்கும் ஜாதகம் பொருந்தாத இடம் இது. இன்றைய கண்டென்சிங் ஆயில் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 47 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து அந்தச் சூடும் வீட்டுக்குக் கிடைக்கும். ஸ்டவ்வுக்கு நேர் எதிர். குளிர்ந்த தண்ணீர் திரும்பி வந்தால் பாய்லர் பெட்டியின் சுவரில் ஈரமும் தாரும் படிந்து அதை அரிக்கும், அது 50 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும்.

ஆகவே ஸ்டவ் வரத்தில் ஒரு லோடிங் வால்வ் போடலாம். தண்ணீர் 55 அல்லது 60 டிகிரி ஆகும்வரை அது ஸ்டவ்வுக்குள்ளேயே சுழலவிட்டு அப்புறம்தான் ரேடியேட்டருக்குத் திறக்கும். அது பம்போடு சேர்ந்த சுற்றில் வருவது, கிராவிட்டி வழியை மறிக்காதபடி வைக்க வேண்டும். எளிய அமைப்பில் இதே வேலையைக் குழாய்த் தெர்மோஸ்டாட் ஒன்று செய்துவிடும், அதை அடுத்த படியில் பார்க்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஆயில் பாய்லருக்குச் சூடான தண்ணீரே திரும்பி வரும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தக் கூடுதல் திறன் வீண். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுப்பதுதான் நல்லது.

படி 6: மின்சாரக் கட்டுப்பாடு

ஸ்டவ்விலிருந்து வெளியே வரும் குழாயில் ஒரு தெர்மோஸ்டாட்டைக் கட்டுங்கள், 60 டிகிரி வந்ததும் ரேடியேட்டர் பம்ப் ஓட வேண்டும், 50க்குக் கீழே இறங்கினால் நிற்க வேண்டும். அதே சமிக்ஞையில் ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போட்டு, ஸ்டவ் சூடாக இருக்கும்வரை ஆயில் பாய்லருக்குப் போகும் உத்தரவை வெட்டிவிடுங்கள். நெருப்பு அடங்கியதும் தானாக ஆயில் எடுத்துக்கொள்ளும். மேலே இன்னொரு தெர்மோஸ்டாட்டை 85 அல்லது 90 டிகிரிக்கு வைத்தால், டைமர் என்ன சொன்னாலும் அறை எவ்வளவு சூடாக இருந்தாலும் பம்ப் கட்டாயம் ஓடி எல்லா ரேடியேட்டருக்கும் சூட்டைத் தள்ளும்.

ஆயிலைக் கட்டுப்படுத்தும் அறைத் தெர்மோஸ்டாட்டை ஸ்டவ் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். ஹால் 23 டிகிரியில் இருக்கும், அது 'போதும்' என்று பாய்லரை நிறுத்திவிடும், படுக்கையறையில் பிள்ளைகள் கம்பளிக்குள் நடுங்குவார்கள்.

எல்லாக் கருவிக்கும் ஒரே ஃபியூஸ் சுவிட்சிலிருந்து கரண்ட் போகட்டும். பாய்லருக்கு ஒரு இடம், ஸ்டவ் பம்புக்கு வேறொரு பிளக் என்று இருந்தால் ரிலே வழியாக ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கரண்ட் வந்து, அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைப்பவரைத் தாக்கும். அயர்லாந்தில் இதற்கு சேஃப் எலக்ட்ரிக் பதிவுள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும். புயலுக்கு பயந்தால் பம்புக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி இன்வெர்ட்டர் வைக்கலாம், இன்றைய பம்புகள் சில பத்து வாட்தான் எடுக்கும், ஆனால் அது கிராவிட்டிச் சுற்றுக்குப் பதில் ஆகாது.

படி 7: புகைபோக்கி, காற்று, அலாரம்

விதிகளுக்கு அயர்லாந்தில் கட்டட ஒழுங்குவிதிகளின் ஜே பகுதி வழிகாட்டியைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் அதே எழுத்துப் பகுதிதான், அங்கே ஸ்டவ் வேலைக்கு ஹீட்டாஸ் பதிவைத் தேடுவார்கள். ஸ்டவ்வுக்கும் ஆயில் பாய்லருக்கும் தனித்தனிப் புகைபோக்கி, ஒன்றைப் பகிரவே முடியாது. ஸ்டவ் இருக்கும் அறைச் சுவரில் மூட முடியாத காற்றுத் துளை வேண்டும். குளிர்காற்று வருகிறது என்று அதில் பழைய துணியை அடைப்பது இங்கே பலருக்குப் பழக்கம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அந்த வாயுவுக்கான அலாரம் ஸ்டவ்விலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டருக்குள், கூரையில் என்றால் சுவரிலிருந்து 300 மிமீயாவது தள்ளி. ஆயில் குழாயில், தீப்பிடித்தால் ஆயிலை அடைக்கும் ஃபயர் வால்வ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 8: நிரப்புவது, முதல் நெருப்பு, கரண்ட் சோதனை

பழைய ரேடியேட்டர்களை முதலில் அலசி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கறுப்புச் சேறு புது ஸ்டவ்வுக்குள் போய் உட்காரும். நிரப்பும்போது கீழிருந்து மேலாக ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை எடுத்து, துருத்தடுப்பு மருந்து சேர்த்து, பாய்லர் வரத்தில் காந்த வடிகட்டி ஒன்றும் போட்டுவிட்டால் நல்லது. முதல் சில நெருப்பு சின்னதாக இருக்கட்டும், பெயின்ட் வாசனை வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

அப்புறம் ப்ளம்பர் கிளம்புவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள்: மிதமான நெருப்பு எரியும்போது ஃபியூஸ் சுவிட்சை அணைத்துவிட்டு நின்று பாருங்கள். ஹீட் லீக் ரேடியேட்டர் சூடாக வேண்டும், சிலிண்டருக்குப் போகும் குழாய் சூடாக வேண்டும், ஸ்டவ்வுக்குள் 'டம் டம்' என்று சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் தண்ணீர் உள்ளேயே கொதிக்கிறது, ஓட்டம் இல்லை. அப்படி விட்டுப்போகும் ஆளுக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பின்னாளில் எப்போதாவது அப்படிச் சத்தம் கேட்டால் ஸ்டவ்வின் காற்று வழிகளை மூடுங்கள், கதவைத் திறக்காதீர்கள், நெருப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால் சிலிண்டருக்குள் குளிர்நீர் வந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரில் ஓடும் வீடு என்றால் கரண்ட் போனதும் கிணற்றுப் பம்பும் நின்றுவிடும், மாடி டேங்கில் இருப்பதுதான் கையிருப்பு, அதை நினைவில் வைத்துத் திறந்துவிடுங்கள். சூடான காலிப் பாய்லருக்குள் மட்டும் குளிர்நீரை விடவே கூடாது.

எதை எரிப்பது, எப்படிப் பராமரிப்பது

அயர்லாந்தில் 2022 அக்டோபர் 31 முதல் புகை அதிகம் வரும் நிலக்கரியை விற்கக் கூடாது, சின்ன அளவில் விற்கும் விறகில் ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அப்போது வரம்பு வைத்தார்கள், பின்னால் அதை 20 ஆகக் குறைத்தார்கள். டர்ஃபைக் கடையிலோ இணையத்திலோ விற்க முடியாது, ஆனால் சதுப்பு உரிமை உள்ளவர்கள் வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள். டர்ஃபின் சூடு கிலோவுக்கு 3.6 கிலோவாட் மணி, காய்ந்த விறகை விடக் குறைவு, சாம்பல் அதிகம், வாசனை மட்டும் அபாரம். பச்சை விறகையும் நிலக்கரியையும் கலந்து எரிக்க வேண்டாம். விறகின் ஈரமும் நிலக்கரியின் கந்தகமும் சேர்ந்து புகைபோக்கிக்குள் அமிலமாகும். ஒரு சின்ன ஈரமானி வாங்கி, கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும்.

புகைபோக்கியை வருடத்துக்கு ஒருமுறையாவது, விறகும் டர்ஃபும் அதிகம் என்றால் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும். பாய்லர் பெட்டியின் மேல் படியும் கரியை வாரம் ஒருமுறை சுரண்டுங்கள், மெல்லிய படலமே சூடு ஏறுவதைத் தடுக்கும். ஆயில் பாய்லருக்கு வருடாந்திர சர்வீஸ், ஆயிலைத் தெளிக்கும் நாஸிலை மாற்றுவது வழக்கம்போல. குளிர்காலம் தொடங்கும் முன் மாடிக்கு ஏறி ஹெடர் டேங்கின் மிதவையைக் கையால் அழுத்திப் பாருங்கள், தண்ணீர் வர வேண்டும். வருடம் முழுக்க அசையாத மிதவை ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி டேங்க் காலியாக இருப்பது யாருக்கும் தெரியாது.

ஸ்டவ்வின் தண்ணீர்ப் பக்கத்தை ஒருநாள் விட்டுவிட முடிவு செய்தால், குழாயின் இரு முனையையும் மூடிவிட்டு அதே ஸ்டவ்வில் நெருப்பு எரிப்பதை யாரும் செய்யக்கூடாது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தால் போதும், அது வெடிகுண்டு. பழைய வீட்டை வாங்கியவர்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும்: கணப்புக்குப் பின்னால் கைவிடப்பட்ட பேக் பாய்லர், அதாவது பழைய தண்ணீர்ப் பெட்டி, இருக்கலாம், வெளியில் தெரியாது. அதை முழுக்க வெளியே எடுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் தண்ணீரை வடித்து, குழாய்களைத் திறந்தே விட்டு, பெட்டியில் துளை போடச் சொல்லுங்கள். அது முடியும்வரை அந்த இடத்தில் நெருப்பு வேண்டாம்.